பத்தில் முதல் சென்சார்

“ஜனவரி 8, வியாழன். காலை 10.40. முதல் சென்சார் பதில் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டாயிற்று. வேறு பலகையில் மாட்டியும் அதே நிலை. வெளியே மழை.”

என் வேலைக் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். இந்தச் சில வரிகளை அதன் பிறகு எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிற ஆள் நான். டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவில் எந்தக் கடை என்று திறந்தது, என்று மூடியது, எந்த மரத்தை என்று வெட்டினார்கள் என்று பதினொரு நோட்டுப் புத்தகங்கள் நிரப்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பழைய கல்லறைத் தோட்டத்தில் நின்று தமிழ்ப் பெயர் உள்ள கற்களின் தேதிகளை எழுதிக்கொள்வேன். தேதி தெரிந்தால் பாதி உண்மை தெரிந்த மாதிரி என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. இந்த ஜனவரியில் அது ஆட்டம் கண்டது.

பாயான் பாரு வீடுகளைத் தாண்டி, தொழிற்சாலைகள் தொடங்கும் இடத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். இருபது பேர்கூட இல்லை. பிறருடைய இயந்திரங்களுக்குள் வைக்கிற கேமராக்களைச் செய்துகொடுக்கிறோம். கேமராவின் சென்சார் என்பது சுண்டுவிரல் நகத்தளவு சில்லு. அதன்மேல் விழுகிற ஒளியை அது எண்களாக மாற்றித் தரும். ஆனால் தானாக எதையும் செய்யாது. எந்த மின்சாரத்தை முதலில் தர வேண்டும், எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், பிறகு எந்த வரிசையில் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவதுதான் என் வேலை. சென்சாரை எழுப்பியதும் டிரைவர் கேட்கும் முதல் கேள்வி, நீ யார் என்பது. உயிரோடிருந்தால் சென்சார் தன் அடையாள எண்ணைச் சொல்லும். சொல்லாவிட்டால் இணைப்பில் பிழை, அல்லது சென்சார் செத்துவிட்டது.

புதிய ரகச் சென்சாரில் பத்து மாதிரிகள் எங்களுக்கு வந்திருந்தன. விற்பனைக்கு வராத சரக்கு. மறுபடி கேட்டால் எத்தனை வாரம் ஆகும் என்று தயாரிப்பாளர்களே சொல்லவில்லை. மார்ச் மாதத்துக்குள் வாடிக்கையாளருக்கு நாங்கள் படம் காட்ட வேண்டும்.

பத்தையும் சின்னப் பலகைகளில் ஒட்டும் பொறுப்பு லேப்பில் இருந்த அக்காவுக்கு. அங்கே டெக்னீஷியன் அவர் ஒருவர்தான். நாற்பத்தெட்டு வயது. பிறை என்ற ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவர். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது வேலை போய், எங்களிடம் ஒப்பந்தத்தில் வந்தார். ஒரு வருட ஒப்பந்தம், ஜனவரி 31இல் முடிகிறது. முடிந்ததும் நிரந்தரமாக்கலாம் என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அக்கா அதை நம்பி, பாயான் பாருவிலேயே அலுவலகத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் அடுக்குமாடி வீடு பார்த்துக் குடிவந்திருந்தார்.

அவருடைய கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கால்கள் நாற்பது, ஐம்பது உள்ள சில்லைச் சூடான காற்றால் எடுத்து, சுத்தம் செய்து, வேறு இடத்தில் வைப்பார். வைத்துவிட்டு, “போட்டாச்சு, எழுப்பிப் பாருங்க தம்பி” என்பார். நான் எழுப்பினால் எழுந்துவிடும். எழவில்லை என்றால் பெரும்பாலும் தப்பு என் நிரலில் இருக்கும். அதை அவரும் அறிவார். என் குறிப்பேட்டைப் பார்த்துச் சிரிப்பார். “தம்பி, நான் தும்மினாகூட எழுதிருவீங்களா?”

“மணியோட எழுதுவேன் அக்கா.”

“அப்ப இன்னைக்கு ரெண்டு தடவைன்னு போட்டுக்குங்க.”

உண்மையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மாதம் அக்கா தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை, அதோடு காலில் செருப்பு கிடையாது. வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவார். மதிய வெயிலில் தார்ச்சாலையைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார். நான் கத்தோலிக்கன். எங்களுக்குத் தவக்காலம் அதற்குப் பிறகுதான் வரும், அதிலும் இவ்வளவு கடுமை கிடையாது. எதற்காக வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லேப்பில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனித உடம்பில் நிலைமின்சாரம் சேரும். நமக்குத் தெரியாத அளவு துளி பாய்ந்தாலும் சென்சார் கெட்டுவிடும். அதனால் மேசையோடு கம்பியால் இணைந்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். காலில் லேப்புக்கென்று வைத்த தனிச் செருப்பு. வாசலில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. பட்டையைச் செருகி, கீழே உள்ள தகட்டில் நின்று, பொத்தானை அழுத்தினால் பச்சை எரிய வேண்டும். பிறகு பக்கத்தில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா வெறுங்காலோடு தகட்டில் நிற்பார். பச்சை எரியும். எரியத்தான் செய்யும். எங்கள் தரை மின்சாரத்தை மெதுவாகக் கீழே இறக்கிவிடும் தரை. அதன்மேல் வெறுங்கால் படுவது செருப்பைவிட மோசமில்லை என்று எனக்குத் தெரியும். மேலாளருக்குத் தெரியுமா என்று தெரியாது. அவர் டிசம்பரில் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள்தானே, பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

ஜனவரி 8இல் முதல் சென்சார் போனது. காலை ஒன்பது மணிக்கு எழுந்து தன் எண்ணைச் சொன்னது, 10.40க்குப் பேச்சில்லை. மாதிரிச் சரக்கில் ஒன்று கெடுவது புதிதல்ல என்று விட்டுவிட்டோம். 12ஆம் தேதி இரண்டாவது. 13ஆம் தேதி மூன்றாவது. இந்த இரண்டும் ஒரு நாளோ அரை நாளோ ஒழுங்காக வேலை செய்துவிட்டு நின்றது. பொங்கல் விடுப்பு முடிந்து வந்த 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம், நான்காவது. இம்முறை கேமராவில் முதன்முதலாகப் படம் தெரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், பச்சை படிந்து, தலைகீழாக. நான் எழுந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

அன்று மாலை மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். ஈப்போக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். கதவு சாத்தியிருந்தால் என்னிடம் தமிழில் பேசுவார். மேசையில் சோதனைத் தாள் இருந்தது.

“இங்க பாரு. எட்டாம் தேதி. எல்லார் சைனும் இருக்கு, அவங்க சைன் மட்டும் இல்ல. அன்னைக்குத்தானே முதல் பீஸ் போச்சு?”

ஆமாம் என்றேன்.

“கால்ல செருப்பும் இல்ல. ஸ்டேட்டிக்தான் லா. வேற என்ன? வேலை செஞ்சிட்டு அப்புறம் சாகுது பாரு, அது ஸ்டேட்டிக் அடிச்சதுதான்.”

அவர் சொன்னதில் பாதி சரி. நிலைமின்சாரம் பட்ட சில்லு பல நேரம் உடனே சாகாது. உள்ளே சின்னக் காயத்தோடு சில மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும். வாடிக்கையாளருக்கு விளக்க அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும், அலுவலகத்திலேயே என் குறிப்பேடுதான் சுத்தமானது, ஆகவே நாள், மணி எல்லாவற்றையும் கோத்து நானே அறிக்கையை எழுத வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த வெள்ளிக்குள் அக்காவின் ஒப்பந்தத்தையும் முடிவு செய்தாக வேண்டுமாம். “இந்த ரிப்போர்ட்டை வெச்சிக்கிட்டு எப்படி நான் பெர்மனென்ட் கேட்க முடியும்? நீயே சொல்லு.”

அந்தத் தரையில் வெறுங்காலால் ஆபத்தில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அக்கா பையை எடுத்துக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். தாளைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“டெஸ்ட் பண்ணேன் தம்பி. பச்சை எரிஞ்சிச்சு. அங்க பேனா இல்ல. அப்புறமா போடலாம்னு உள்ள வந்துட்டேன், மறந்து போச்சு. பதினெட்டு வருஷத்துல என் கையில ஒரு பீஸ் ஸ்டேட்டிக்ல போனது இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “போயிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார்.

ஜனவரி 19, திங்கள். இந்தத் தேதியை நான் குறிப்பேட்டிலிருந்து எடுக்கவில்லை. நினைவிலிருந்து எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

காலையில் அறிக்கையை ஆரம்பித்தேன். ஒரு பக்கம் என் குறிப்பேடு, ஒரு பக்கம் கணினி. வேலை பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. சிதறிக் கிடப்பதை நாள்வாரியாக அடுக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு நிறைவு உண்டு. 8, 9, 12 என்று வந்துகொண்டிருந்தேன். 13ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி இருந்தது: “பிற்பகல் 2.15. சென்சார் சுடுகிறது என்கிறார் அக்கா. புறங்கையால் தொட்டுப் பார்த்தாராம். ஓடும்போது சூடாவது சாதாரணம் என்றேன்.”

எழுதியது நான்தான். எழுதியதோடு விட்டதும் நான்தான்.

அந்த வரியை அறிக்கையில் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்த்தால், எவ்வளவு சூடு என்று யாராவது கேட்பார்கள். பதில் வேண்டுமே என்று ஐந்தாவது சென்சாரை மாட்டி, மீட்டரின் முனையைப் பலகையில் வைத்தேன். சென்சாரின் உட்பகுதிக்குப் போகும் மின்சாரம் 1.2 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் 1.79 காட்டியது.

மீட்டரில் பிழையோ என்று வேறொன்றை எடுத்து வந்தேன். 1.79. உடனே பலகையை அணைத்தேன். பிறகு என் நிரலைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பழைய கேமராவின் சென்சாருக்கு 1.8 வோல்ட். புதியதற்கு எழுதும்போது யாரும் முதலிலிருந்து எழுத மாட்டோம், பழைய கோப்பை நகல் எடுத்து, பெயரை மாற்றி, எண்களை மாற்றுவோம். நான் எல்லா எண்களையும் மாற்றியிருந்தேன், ஒன்றைத் தவிர. பலகை தானாக 1.2 தந்துகொண்டிருந்தது. என் டிரைவர் வந்து அதை 1.8க்கு ஏற்றியது. சென்சார் உடனே சாகவில்லை. சூடாகி, சில மணி நேரம் எனக்காக உழைத்துவிட்டுச் செத்தது. நிலைமின்சாரம் பட்டது சாவது போலவே.

அன்று செய்ய வேண்டியது மேலாளர் அறைக்குப் போவது. இருபது அடி தூரம். போகவில்லை. எண்ணைத் திருத்தினேன். ஐந்தாவதை மறுபடி எழுப்பினேன், அது பதில் சொன்னது, குளிர்ச்சியாக ஓடியது. இன்னும் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாயன்றும் அதையே சொல்லிக்கொண்டேன். மேலாளர் அறிக்கை எங்கே என்று கேட்டதற்கு, தேதிகளைச் சரிபார்க்கிறேன் என்றேன்.

பயம் எதைப் பற்றி என்று இப்போது யோசித்தால், வேலை போய்விடும் என்ற பயம் அல்ல. டிரைவர் எழுதத் தெரிந்தவர்களை இங்கே யாரும் எளிதில் அனுப்ப மாட்டார்கள். அவன் தப்பு செய்யமாட்டான், எல்லாவற்றையும் எழுதி வைப்பவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயருக்காக மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளுக்கும் என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். 19: “மழை.” 20: “மேகமூட்டம்.” 21: ஒன்றுமில்லை. வோல்ட் எண்ணை நான் எழுதவில்லை. பதினொரு நோட்டுப் புத்தகத்திலும் இப்படி ஓர் இடம் இல்லை.

21ஆம் தேதி, புதன், அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார்.

லேப் செருப்பு மட்டும் இல்லை. வீட்டிலிருந்தே, தெருவில் நடக்கும் செருப்பு. வாசலில் அதைக் கழற்றிவிட்டு லேப் செருப்பை மாட்டி, தகட்டில் நின்று, பச்சையைப் பார்த்து, கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். தைப்பூசத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. நான் அவர் காலைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“உள்ள போடணும்னு பாஸ் சொல்லிட்டார். உள்ள போட்டா விரதம் முறிஞ்சிச்சி. அப்புறம் வெளிய மட்டும் எதுக்கு, அதான்.”

“கோயில்ல கேட்டீங்களா அக்கா? வேலைக்காகன்னா...”

“சாமி புரிஞ்சிக்கும் தம்பி. பாஸ்தான் புரிஞ்சிக்க மாட்டார்.” சிரிக்கப் பார்த்தார். “நாப்பத்தெட்டு நாள்ல முப்பத்தேழு நாள் இருந்தேன். எழுதி வெச்சிக்குங்க.”

அவர் மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். ஆறாவது சென்சாரை ஒட்டும் வேலை. பட்டையை ஒரு முறை இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, கம்பி மேசையில் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தன் கைமேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. ஆனாலும் அன்று மேலாளர் பட்டர்வொர்த் போயிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

வியாழன் காலை 9.20க்கு மேலாளர் அறைக்குள் போனேன். கதவை நானே சாத்தினேன். மீட்டர் எண், நகல் எடுத்த கோப்பு, 13ஆம் தேதிப் பதிவு, மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்து முடிக்க நேரமானது. எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன்.

“திங்கக்கிழமை. இன்னைக்கு வியாழன்.”

“ஆமா பாஸ்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, வாடிக்கையாளரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஸ்டேட்டிக் என்று சொன்னால் அவர்கள் வேறெதுவும் கேட்க மாட்டார்கள், எல்லா இடத்திலும் நடக்கிற விஷயம். டிரைவரில் பிழை என்று சொன்னால் இதுவரை நாங்கள் கொடுத்த எல்லா டிரைவரையும் திறந்து காட்டச் சொல்வார்கள். அறிக்கையில் யார் பெயரும் வராது, ஆபரேட்டர் என்றுதான் வரும் என்றார்.

“லேப்ல இருக்கிறது ஒரே ஆபரேட்டர்தான் பாஸ்.”

அவர் மேசைக்குத் திரும்பி வந்து என் கோப்பை மறுபடி பார்த்தார். எல்லாருக்கும் பொதுவான சேமிப்பில் நான் அதைப் பதிந்த நாளும் மணியும் மேலே இருந்தன. ஜனவரி 8, காலை 11.15. அவர் விரலை அதன்மேல் வைத்தார்.

“முதல் பீஸ் பத்து நாப்பதுக்குப் போச்சுன்னு உன் புக்குல இருக்கு. இது பதினொன்னே காலுக்குத்தான் வந்திருக்கு. அப்ப முதல் பீஸ் எப்படிப் போச்சு?”

நான் அதை முன்பே கவனித்திருந்தேன். கோப்பைப் பொதுச் சேமிப்பில் பதிவதற்கு முன் என் பலகையில் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். அன்று காலையும் ஓட்டியிருப்பேன். ஆனால் ஓட்டினேன் என்று எங்கும் எழுதவில்லை. ஒருவேளை அன்று காலை டிரைவர் இல்லாமல், கையால் கட்டளை கொடுத்துச் சென்சாரை எழுப்பியிருக்கவும் கூடும். புதிய சில்லு வந்தால் முதல் நாள் அப்படியும் செய்வேன். அப்படிச் செய்திருந்தால் வோல்ட் 1.2லேயே இருந்திருக்கும், என் பிழை அதைத் தொட்டிருக்காது. நினைவில்லை என்று சொன்னேன்.

“நினைவில்ல. சரி. அப்ப மூணு உன்னோடது. ஒண்ணு அவங்களோடது. இப்படியே எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்.”

பேரம் போல இருந்தது. மூன்றை ஒப்புக்கொண்டால் அக்காவின் ஒப்பந்தம் தப்பும். நான்கையும் நான் எடுத்துக்கொண்டால், நினைவில் இல்லாத ஒன்றை நடந்தது என்று எழுதியதாகும். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. தெரியாததைத் தெரிந்ததாக நான் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டவன். காரணம் தெரியவில்லை என்று எழுதலாமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றால் தேடச் சொல்வார்கள் என்றார். “சைன் வேற இல்ல. ஹேண்ட்லிங்னு போட்டுரு.”

போட்டேன். முதல் சென்சார்: கையாள்வதில் ஏற்பட்ட பழுது. என் அறிக்கையில், என் கையால்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஆறு மாத நீட்டிப்பு. நிரந்தரத்தைப் பற்றி அதன் பிறகு பார்க்கப்படும். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்பில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், திங்கள், செவ்வாய், புதன் உட்பட. புதன் என்றபோது அவர் தன் காலைப் பார்த்தார்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப அந்த முதல் ஒண்ணு?”

“தெரியல அக்கா.”

“ரிப்போர்ட்ல என்ன போட்டீங்க?”

சொன்னேன்.

“தெரியலன்னா தெரியலன்னுதானே போடணும்?”

எழுந்து போய் இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தார். செத்த நான்கையும் அவர் பலகையிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதிய துண்டு. அப்படி ஒரு பழக்கம் அவருக்கும் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலாவதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்கு அடியில் சாம்பல் நிறச் சதுரம், ஒரு கீறல்கூட இல்லை. மற்ற மூன்றும் அப்படியேதான் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுதான்.

பிறகு என் குறிப்பேட்டைக் கேட்டார். அதுவரை கேலி செய்திருக்கிறாரே தவிர, வாங்கிப் படித்ததில்லை. 8ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் பழைய பக்கத்துக்கு வந்தார்.

“இது மட்டும் கறுப்பா இருக்கே தம்பி.”

நான் நீல மையில்தான் எழுதுவேன், வருடக்கணக்காக. 8ஆம் தேதிக்கு முன்னால் எல்லாப் பக்கங்களும் நீலம். பின்னாலும் நீலம். அந்த ஒரு நாள் மட்டும் கறுப்பு. சோதனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் பேனா கறுப்பு.

நாங்கள் இருவருமே வாசலைப் பார்த்தோம். பேனா இப்போது அங்கே இருந்தது, தாளோடு நூல் கட்டி. அந்த நூல் மேலாளர் போன வாரம் கட்டியது. அதற்கு முன் சும்மா வைத்திருப்பார்கள்.

“நீங்க எடுத்தீங்களா?”

“தெரியல அக்கா. எடுத்திருக்கலாம். அன்னைக்கு மழை, பையை வண்டியிலயே விட்டுட்டு ஓடி வந்திருக்கலாம்...”

“எடுத்திருக்கலாம், விட்டிருக்கலாம்.” குறிப்பேட்டை மூடி என்னிடம் கொடுத்தார். “இவ்வளவு எழுதுறீங்க.”

அன்று மாலை மேலாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அறிக்கை போய்விட்டது, பேனா நிறத்தை வைத்துத் திருத்த முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பேனாவை நான் எடுத்திருந்தால்கூட, கையெழுத்து ஏன் இல்லை என்பதற்குத்தான் அது காரணம். பச்சை எரிந்ததா என்பதற்கு அக்காவின் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. நான் நம்புகிறேன். நம்புவதும் சரிபார்ப்பதும் வேறு வேறு என்று இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான்.

தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலைப் பக்கம் போனேன். ஒவ்வொரு வருடமும் போவேன், கூட்டத்தையும் தண்ணீர்ப் பந்தல்களையும் குறித்துக்கொள்ள. இந்த வருடம் எதையும் குறிக்கவில்லை. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் பால்குடங்களோடு ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் அக்கா இல்லை. திரும்பும் வழியில், ஒரு பந்தலின் ஓரமாக, சாதாரணச் சேலையில் நின்று மற்றவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு எனக்கும் ஒரு குவளை கொடுத்தார். கூட்டம் அதிகம், பேச முடியவில்லை.

மீதி ஆறு சென்சார்களும் இன்றைக்கும் வேலை செய்கின்றன. மார்ச் மாதம் படம் காட்டினோம். வாடிக்கையாளர் அறிக்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அக்காவின் ஆறு மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சில்லுகளை இப்போதும் அவர்தான் ஒட்டுகிறார், ஆனால் பட்டையை இருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் தங்கிவிட்டது. “எழுப்பிப் பாருங்க தம்பி” என்பார். சூடாக இருக்கிறதா என்று இப்போது நானே தொட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மேலாளரின் அனுமதி கேட்டு, முதல் சென்சாரை மட்டும் தயாரிப்பாளர்களுக்குத் திருப்பி அனுப்பினேன். உள்ளே திறந்து பார்த்தால் அதிக வோல்ட்டால் எரிந்ததா, நிலைமின்சாரத்தால் துளைபட்டதா என்று சொல்ல முடியும் என்று கேள்வி. பெட்டியில் அக்காவின் தேதித் துண்டையும் சேர்த்து வைத்தேன். வந்து சேர்ந்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டிவிட்டேன்.

ஆகவே இதை எழுதும் நாளில் நிலை இதுதான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சென்சார்கள் என் பிழையால் செத்தன, இது சரிபார்க்கப்பட்டது. முதலாவது கையாள்வதில் பழுதானது என்று அலுவலக அறிக்கை சொல்கிறது. அதை எழுதியவன் நான். அது எதனால் செத்தது என்பது சரிபார்க்கப்படவில்லை.